தூக்கம் வராதவர்கள் கேட்டவை: ரங்கூன் நர்ஸ் ஒருவரின் பதில்கள்

தூக்கத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற நர்ஸ். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ரங்கூன், கடை வைத்திருக்கும் 58 வயதுக்காரர்: சிஸ்டர், ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். பன்னிரண்டு வரை புரள்கிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் ஆறரை வரை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன், கொஞ்சம் கண் அசரும். நாலைந்து மாதமாக இதே கதை. இன்னும் சீக்கிரம் படுத்துப் பார்க்கவா?

வேண்டாம் ஐயா. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. ஒன்பதிலிருந்து ஆறரை வரை ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள். அதில் தூங்கியது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் இருக்கும். மீதி நாலரை மணி நேரமும் பாயில் படுத்துக் கவலைப்படப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பு எதைப் பழக்கினாலும் பழகும். பாயைப் பார்த்ததும் மூளை விழித்துக்கொள்ளும் பழக்கமும் அப்படித்தான் வருகிறது.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது கூடக்கூடத் தூக்கம் தள்ளும். பசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்று. இன்னொன்று மூளைக்குள் இருக்கும் கடிகாரம். காலை வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது. நீங்கள் ஒன்பதுக்குப் படுக்கும்போது பசி இன்னும் வரவில்லை. காலையில் ஜன்னலை மூடிக்கொண்டு ஆறரை வரை கிடப்பதால் கடிகாரத்துக்குச் சாவியும் கிடைப்பதில்லை.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். அதற்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, பழக்கத்தை மாற்றும் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2016-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் அதையே சொன்னார்கள். அந்தச் சிகிச்சையின் இரண்டு முக்கியப் பகுதிகளை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

முதலாவது, 1972-ல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் எழுதிய முறை. தூக்கம் கண்ணைச் சொக்கினால் மட்டும் படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பு போதும். மங்கலான வெளிச்சத்தில் துணி மடிக்கலாம், கந்த சஷ்டி கவசம் சொல்லலாம், ஆனால் கடைக் கணக்கு மட்டும் பார்க்கக் கூடாது. கண் சொக்கியதும் திரும்பப் போய்ப் படுங்கள்.

இரண்டாவது, 1987-ல் ஆர்தர் ஸ்பீல்மேன் கொண்டுவந்தது. தூங்கும் நேரம் எவ்வளவோ, படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைப்பது. உங்களுக்கு நான் சொல்வது ராத்திரி பன்னிரண்டு முதல் காலை ஐந்தரை வரை. பகல் தூக்கம் கிடையாது. ஐந்தரைக்கு எழுந்ததும் வாசலுக்கு வந்துவிடுங்கள், விடியும் வெளிச்சம் மேலே படட்டும். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூங்கிவிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் தெரிந்தால், படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி. எழும் நேரம் மட்டும் ஐந்தரையை விட்டு நகரக் கூடாது, தீபாவளியானாலும், பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறையானாலும்.

முதல் வாரம் இப்போது இருப்பதைவிட மோசமாக இருக்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோய் இருப்பவர்களும், மனநிலை திடீரென்று ஏறி இறங்கும் நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ரங்கூன், இரண்டு பிள்ளைகளின் அம்மா: அக்கா, நடு ராத்திரி கரண்ட் போனால் ஃபேன் நின்று எல்லாரும் வேர்த்து விழித்துக்கொள்கிறோம். கரண்ட் வந்தால் தண்ணீர் மோட்டார் போட, போன் சார்ஜ் போட நான் எழ வேண்டியிருக்கிறது. எந்தப் புத்தகத்தில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள்?

புத்தகத்தில் இல்லைதான் தங்கச்சி. "அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள்" என்று எழுதுகிறவர்கள் ஏப்ரல் மாதம் இங்கே வந்து ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஜில்லென்ற தண்ணீரில் குளிக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். கேட்கத் தலைகீழாக இருக்கும். வெதுவெதுப்பில் தோலுக்கு ரத்தம் ஓடி, உள்சூடு வெளியே போகும். உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வரும். தொட்டித் தண்ணீர் வெயிலில் காய்ந்தாலே அந்தச் சூடு வந்துவிடும், அடுப்பு வேண்டாம். மெத்தை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் கோடையில் தரையில் பாய்தான் நல்லது. சார்ஜ் ஏற்றும் சின்ன ஃபேன் ஒன்றைக் கொசுவலைக்குள் வைத்தால் பிள்ளைகளாவது எழாமல் இருப்பார்கள். கையையும் கழுத்தையும் துடைக்க ஈரத்துணி பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், ஏன் தினமும் நீங்களே எழுகிறீர்கள்? ஒரு ராத்திரி நீங்கள், ஒரு ராத்திரி அவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். எழாதவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கட்டும். இதைச் சொன்னால் எல்லா வீட்டிலும் சிரிக்கிறார்கள், செய்து பார்த்த வீட்டில் பிரச்சினை பாதி குறைந்திருக்கிறது. எழுகிறவர் பெரிய விளக்கைப் போட வேண்டாம், டார்ச் போதும். விடிகாலையில் கெட்ட தூக்கத்தை மத்தியானம் மூன்று மணிக்குள் இருபது நிமிடம் கண் அயர்ந்து கொஞ்சம் ஈடுகட்டலாம். மேலே ஐயாவுக்குப் பகல் தூக்கம் கூடாது என்றேனே என்று கேட்காதீர்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு வருகிறது, கரண்ட்தான் தூங்க விடமாட்டேன் என்கிறது. இரண்டும் வேறு.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை வீட்டுக்குள்ளோ, படிக்கட்டுக்கு அடியிலோ, ஜன்னல் ஓரத்திலோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழவே மாட்டார்.

பெகு, கல்லூரி மாணவர்: அக்கா, மாலையில் டீ, காபி எதுவும் குடிப்பதில்லை. ஆனாலும் ராத்திரி ஒரு மணி வரை கண் மூடவில்லை.

தம்பி, ராத்திரி சாப்பாட்டோடு லபெட் சாப்பிடுகிறாயா? புளிக்க வைத்தாலும் அது தேயிலைதான், இலையையே மெல்லுகிறாய். பரீட்சைக்குக் கண் விழிக்க இங்கே பிள்ளைகள் அதைச் சாப்பிடுவது உனக்கே தெரியும். காஃபீன் பாதி குறைவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குச் சாப்பிட்டால் ஒரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மத்தியானத்தோடு நிறுத்திப் பார். புகையிலை வைத்த வெற்றிலை போடுகிறாய் என்றால் அதுவும் விழிக்க வைக்கும். பாக்கிலும் புகையிலையிலும் இருப்பது தூக்கத்தை விரட்டும் சரக்கு. வாய்ப் புற்றுநோயைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

மாண்டலே, 41 வயதுப் பெண்: 2025 நிலநடுக்கத்துக்குப் பிறகு சரியான தூக்கமே இல்லை. கட்டில் லேசாக ஆடினாலும் எழுந்து ஓடுகிறேன். கூரை விழுகிற கனவு வாரத்தில் நாலு நாள் வருகிறது.

அந்த மார்ச் 28-ல் 7.7 அளவில் ஆடியது, அப்புறம் நாள் கணக்கில் பின்னதிர்வுகள், ஜனங்கள் தெருவிலேயே படுத்தது, இதையெல்லாம் அனுபவித்த உடம்பு காவல் காப்பதில் தப்பே இல்லை அம்மா. தூங்கும்போது காவல் விட்டுப்போய்விடுமே என்றுதான் அது தூங்க மறுக்கிறது. "பயப்படாதே" என்று சொன்னால் கேட்காது. காவல் வேலையைப் பகலிலேயே முடித்துக் கொடுங்கள். தலைக்கு மேல் கனமான அலமாரியோ படமோ இருந்தால் மாற்றுங்கள். செருப்பும் டார்ச்சும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், உடைந்த கண்ணாடியில் கால் வைத்துத்தான் பலருக்குக் காயம். எந்த வழியாக வெளியே போவது என்று வீட்டில் எல்லாரும் ஒருமுறை பேசிவிடுங்கள். படுக்கும் முன் இதை ஒரே தடவை பாருங்கள், இரண்டாம் தடவை வேண்டாம்.

கனவுக்கு ஒரு முறை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதுங்கள், முடிவை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுங்கள். கூரை விழாமல் நிற்கலாம், நீங்கள் பிள்ளைகளோடு வெளியே வந்து நிற்கலாம். அந்தப் புதுக் கனவை மட்டும் தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள். சிலருக்குச் சில வாரத்தில் கெட்ட கனவு இளைத்துப் போகிறது. பகலிலும் அந்தக் காட்சி கண்முன் வந்து கை கால் நடுங்கினால், உயிர் வாழ வேண்டுமா என்ற நினைப்பு வந்தால், தாமதிக்காமல் மனநல டாக்டரிடம் போங்கள்.

தட்டோன், 19 வயது: விடிகாலையில் முழிப்பு வருகிறது, ஆனால் கை கால் அசையவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பாட்டி அமுக்குவான் பேய் என்று தாயத்து கட்டிவிட்டார்.

தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டி மனது ஆறும். கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளை அணைத்து வைக்கிறது. சில சமயம் மனம் முதலில் விழித்து, தசை பின்னால் விழிக்கும். இடைப்பட்ட அந்தச் சில நொடிகள், அதிகம் போனால் ஓரிரு நிமிடம், கனவின் மிச்சம் கண்முன் நிற்கும். ஆபத்து இல்லை. தூக்கம் குறைந்த வாரங்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். பக்கவாட்டில் படு. வந்தால் போராடாமல் மூச்சை நிதானமாக விட்டு ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பார். பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மோல்மீன், 66 வயது ஐயா: இரண்டு வருடமாக ராத்திரி டயஸிபாம் போடுகிறேன். அது கிடைக்காத நாளில் தும்மல் மாத்திரை இரண்டு. இனி எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நேற்றோடு நிறுத்திவிட்டேன்.

இதைப் படித்ததும் டாக்டரைப் பாருங்கள், நாளைக்கு வேண்டாம். இத்தனை நாள் போட்ட டயஸிபாமை ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம் வரும், தூக்கம் முழுவதும் போகும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர் கணக்குப் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாதக் கணக்கில் இறக்க வேண்டிய மருந்து அது. அதன் மேல் மது குடித்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

தும்மல் மாத்திரை, அதாவது குளோர்பெனிரமின், சின்னதாக இருப்பதால் எல்லாரும் மிட்டாய் மாதிரி போடுகிறார்கள். உங்கள் வயதில் அது சிறுநீரை அடைக்கும், நினைவைக் குழப்பும், ராத்திரி கழிவறைக்குப் போகும்போது தடுமாற வைக்கும். இடுப்பெலும்பு முறிந்து வார்டுக்கு வந்த பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரங்கூன், மனைவி: அவர் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி இழுக்கிறார். பகலில் பேப்பர் படிக்கும்போதே தூங்கிவிடுகிறார். ரத்த அழுத்தமும் இருக்கிறது.

நீங்கள் எழுதியது அப்படியே ஸ்லீப் ஆப்னியாவின் அடையாளம். தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது. போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். அதுவரை பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மது வேண்டவே வேண்டாம், தூக்க மாத்திரையும் கூடாது. எடை இருந்தால் குறைப்பது உதவும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பெகு, ஆறு மாதக் கர்ப்பிணி: படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல் இருக்கிறது, ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

இரும்புச் சத்து குறைந்தால் இப்படி வரும். ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், அது இரும்பைச் சேரவிடாது.

ரங்கூன், மகன் துபாயில் இருக்கும் அம்மா: அவன் வேலை முடித்து அங்கே பத்து மணிக்குப் பேசுகிறான், இங்கே பன்னிரண்டரை. பேசி முடித்தால் தூக்கம் போய்விடுகிறது. ஜாதிக்காயும் கசகசாவும் பாலில் அரைத்துக் குடிக்கலாமா? அவனுக்கும் கொஞ்சம் அனுப்ப நினைக்கிறேன்.

கசகசாவை துபாய்க்கு அனுப்பாதீர்கள் அம்மா! அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், பிள்ளை ஜெயிலுக்குப் போக வேண்டிவரும். ஜாதிக்காய் அளவுக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும், கண்டதெல்லாம் தெரியும். வெறும் பால் குடியுங்கள், தூக்கத்தைப் பெரிதாகக் கொண்டுவராது, ஆனால் கெடுதல் இல்லை. பேச்சை அவன் வேலைக்குக் கிளம்பும் முன் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். அவனுக்கு ஆறு மணி என்றால் உங்களுக்கு எட்டரை. சாமி கும்பிட்டு, காலை டீயும் குடித்து முடித்திருப்பீர்கள்.