வாசகர் கேள்வி – பதில்: உள்ளூரில் ஒரு புதிய மாலை

வெளியூர்ப் பயணத்துக்கு நேரமோ பணமோ இல்லாதவர்கள் உள்ளூரிலேயே வாரத்தைச் சுவையாக்கிக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு மதுரையிலிருந்தே மிகுதியான கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழில் மதுரையை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்லப்படுகிறது.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். திங்கள் முதல் சனி வரை ஓட்டம். ஞாயிறன்று துணி துவைத்து, கறி எடுத்துச் சமைத்து, தூங்கி எழுந்தால் மறுபடி திங்கள். வெளியே கிளம்பினாலும் ஏதாவது ஒரு மாலில்தான் போய் நிற்கிறோம். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு மதுரையில் இனிப் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, அனுப்பானடி

நீங்கள் பார்த்த இடங்களையே பார்க்காத நேரத்தில் போய்ப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் இந்த ஊரைத் தெருத்தெருவாகக் காட்டுவதோடு நிற்கவில்லை. பகலில் நடக்கும் நாளங்காடி, மாலையில் தொடங்கும் அல்லங்காடி, இரவின் ஒவ்வொரு யாமத்திலும் உறங்கப் போகிறவர்கள், விழித்திருக்கிறவர்கள், பிறகு விடியல் என்று மணிக்கணக்காகவே ஊரைச் சொல்லிக்கொண்டு போகிறார். நம்மில் பலருக்குத் தெரிந்த மதுரையோ, காலை ஒன்பது மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நெரிசலில் கடக்கிற மதுரை மட்டும்தான்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பலமுறை போயிருப்பீர்கள். இரவில் நடை சாத்துவதற்கு முன் நடக்கும் பள்ளியறைப் பூசைக்கு இருந்து பார்த்திருக்கிறீர்களா? பகல் கூட்டம் வடிந்து பிராகாரம் குளிர்ந்திருக்கும் நேரத்தில், சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் ஏற்றி மேளதாளத்தோடு அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்வார்கள். தரிசன வரிசையில் நகர்ந்துகொண்டே கும்பிடுவதற்கும், ஒரு தூணருகே நின்று பல்லக்கு வரக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே உணர்வீர்கள். கைப்பேசியை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டியிருப்பதும் நல்லதுதான்.

இன்னொரு நாள், விடிந்ததும் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அங்கே மலராக வருவதில்லை, மொட்டாகவே வருகிறது. விடியுமுன் பறித்த மொட்டு அன்று மாலையில்தான் விரியும் என்பதால், அவிழ்ந்துவிட்ட பூவுக்கு மொத்தச் சந்தையில் மதிப்புக் குறைவு. மார்கழிப் பனியில் வரத்து சுருங்கி, தை முகூர்த்தம் நெருங்க நெருங்க விலை ஏறுவதையும், வரத்து பெருகும் வெயில் காலத்தில் அதே பூ மலிவதையும் ஆண்டுக்கு இரண்டு முறை போனாலே கண்ணால் பார்த்துவிடலாம். கால் கிலோ உதிரி மொட்டு வாங்கி வந்து அன்றைக்கு வீட்டிலேயே சரம் தொடுத்துப் பாருங்கள். தெருவில் முழம் போட்டு விற்கிறவரின் விரல் வேகத்துக்கும் உங்கள் வேகத்துக்கும் எத்தனை வித்தியாசம் என்பது அப்போது தெரியும்.

வீதிகளுக்கும் அப்படி ஒரு காலக் கணக்கு உண்டு. ஆவணி மூலத் திருவிழாவின்போது சுவாமி ஆவணி மூல வீதிகளில் வலம் வருவார். பிட்டுக்கு மண் சுமந்த லீலைக்காக வைகைக் கரையோரமுள்ள ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வார். சித்திரைத் தேர் பார்க்கத் திரளும் கூட்டத்தில் பாதிப் பேர்கூட இந்த விழாவுக்கு வருவதில்லை என்பதால், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ளாமலே நின்று பார்க்க முடியும்.

இவற்றில் எதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதீர்கள். புதன் அல்லது வியாழனில் வையுங்கள். வாரம் நடுவில் ஒருமுறை மூச்சுவிட்டுக்கொள்ளும்.

பத்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் படிக்கும் இரு மகன்கள். எங்கே கூப்பிட்டாலும் "போர் அடிக்கும்" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

உங்கள் வீட்டுக்கு மிக அருகில் கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறது. 'வரலாறு கற்றுக்கொள்ளலாம் வாருங்கள்' என்று அழைத்தால் அவர்கள் வரமாட்டார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. காலையில் மலையேறப் போவதாக மட்டும் சொல்லுங்கள்.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனையும், அதை ஒட்டிய பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணச் சிற்பங்களும் உள்ளன. ஐந்து தலை நாகம் குடை பிடிப்பவர் பார்சுவநாதர், உடலில் கொடி சுற்றியபடி அசையாமல் நிற்பவர் பாகுபலி என்று அடையாளங்களை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, எவர் எங்கே இருக்கிறார் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். சிற்பங்களுக்குக் கீழே இருப்பது வட்டெழுத்து. அது தமிழ்தான் என்றாலும் நம்மால் படிக்க முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தன் மொழியே தனக்குப் புரியாமல் எதிரில் நிற்பது எந்தப் பையனையும் ஒரு நிமிடமாவது நிறுத்திவிடும். மலையின் மற்றொரு பக்கத்துச் செட்டிப்புடவில், குகைக்குள் குனிந்து போய் மேலே நிமிர்ந்து பார்த்தால், சிங்கத்தின் மேலிருந்து போரிடும் பெண் தெய்வமும் எதிரே யானை மேல் வாளும் கேடயமுமாக ஒரு வீரனும் தெரிவார்கள். இறங்கி வந்தால் அடிவாரத்தில் ஆலமர நிழலும் தாமரைக் குளமும் இருக்கின்றன.

அது பிடித்துவிட்டால் அடுத்து மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகலாம். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குடைவரைக் கோயில், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு, வல்லூறுகள் எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அந்த வட்டார மக்கள் போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தான செய்தியை உங்கள் மகன்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். எதற்காக அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று குன்றின் மேல் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முழங்கால் வலி. மலையேற முடியாது. என் போன்றவர்களுக்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பழங்காநத்தம்

ஓர் அரை நாளைக் காந்திக்கு ஒதுக்குங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேலாடையைத் துறந்து அரையாடை உடுத்தத் தொடங்கிய மேலமாசி வீதி வீடு, இப்போது கீழே கதர்க் கடையாக இருக்கிறது. அந்தக் கோலத்தில் அவர் மக்கள் முன் தோன்றிய இடம்தான் காமராசர் சாலையிலுள்ள காந்தி பொட்டல். இரண்டையும் பார்த்துவிட்டு, ஆட்டோவிலேயே தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனால், சுடப்பட்ட நாளில் அவர் உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணி அங்கே காக்கப்பட்டிருக்கிறது. தனித்தனியே இவற்றைப் பார்த்தவர்கள் பலர். ஒரே நாளில் இந்த வரிசையில் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

வாரம் ஒரு புதுமை என்று திட்டம் போட்டால், அதுவும் இன்னொரு வேலையாகிவிடாதா?
– வாசகி, திருநகர்

ஆகிவிடும். பட்டியல் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறவர்களுக்கும், படம் எடுத்து உடனே நிலைத்தகவலில் போடுகிறவர்களுக்கும் கட்டாயம் ஆகிவிடும். வாரம் தவறினால் தவறட்டும். பிடித்த இடத்துக்கே மூன்று முறை போனாலும் குற்றமில்லை. வண்டியூர் தெப்பக்குளத்தைத் தைப்பூசத் தெப்பத்தன்றும், சாதாரண வாரநாள் மாலையில் குழந்தைகள் ஓடி விளையாடும்போதும், நீர் நிரம்பிய மறுநாள் காலையிலும் பார்த்தவருக்கு அது மூன்று குளம்.

வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து தனி அறையில் இருக்கிறேன். நண்பர்கள் இல்லை. தனியாக எங்கே போவது என்று கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், கே.கே.நகர்

தனியாகப் போகிறவருக்குக் கையில் ஏதாவது ஒரு காரியம் இருந்தால் கூச்சம் தெரியாது. மாலையில் தள்ளுவண்டிப் பருத்திப்பால் குடிக்கப் போங்கள். ஊறவைத்த பருத்திவிதையை அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தேங்காய்த் துருவலும் போட்டு ஊற்றித் தருவார்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் மறைக்காமல் சொல்வார்கள். உங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் "தின்னவேலியா?" என்று அவர்களே ஆரம்பிப்பதும் உண்டு.

வேறு மனிதர்களோடு சேர விருப்பம் என்றால், மலைகளுக்கும் தொன்மையான இடங்களுக்கும் பொதுமக்களை அழைத்துச் செல்லும் பசுமை நடை குழுவினரின் அறிவிப்பைக் கவனித்துச் சேர்ந்துகொள்ளுங்கள். பேச்சே வேண்டாத நாளுக்கு, 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் சாலையில் இருக்கிறது. அங்கே தனியாக உட்கார்ந்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.