கேம்பிங் இடங்களில் ‘அமைதி நேரம்’ என்றால் என்ன? ஏன் யாரும் அதை மதிப்பதில்லை?

பலர் அடுத்தடுத்துக் கூடாரம் போட்டிருக்கும் இடத்தில் பாட்டு, ஜெனரேட்டர், உரத்த அரட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிடும் நேரம்தான் அது. பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இதையே இரவு நேரம் என்கின்றன.

கூடாரத் துணி பனியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. அதோடு, தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதற்கு மேலே சற்றுச் சூடாக இருக்கும். அதனால் மேலே போகிற ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வரும். பகலில் நாலு கூடாரம் தாண்டாத குத்துப்பாட்டு, இரவில் கடைசிக் கூடாரம் வரை கேட்கும்.

சென்ட்ரலில் ஏறும் ஸ்லீப்பர் பெட்டி மாதிரிதான். பத்து மணிக்கு மேல் ஒருவர் இயர்போன் இல்லாமல் ரீல்ஸ் பார்த்தால் எட்டு பெர்த்தும் விழித்திருக்கும்.

சரி, ஏன் மதிப்பதில்லை? சென்னையிலிருந்து வார இறுதியில் ஏலகிரிக்குக் கிளம்புகிறவர்களிடம் “கேம்ப் ஃபயர், டிஜே” என்று விற்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? நடத்துகிறவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். புக் செய்யும்போதே அமைதி நேரம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

“திறந்தவெளிதானே, சத்தம் கரைந்துவிடும்” என்பது தப்புக் கணக்கு. தடுக்கச் சுவரே இல்லாததால்தான் அது அவ்வளவு தூரம் போகிறது.