தேங்காய் விழுந்து கண் போனது: 20 ரூபாய் காப்பீட்டில் பணம் வருமா?

கேள்வி: பேராவூரணி பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் தென்னை இருக்கிறது. சித்திரைக் கடைசியில் வெட்டு நடந்தபோது என் கணவர் (வயது 44) அண்ணாந்து பார்த்துத் தொரட்டி போட்டுக்கொண்டிருந்தார். நெத்து ஒன்று மட்டையில் பட்டுச் சாய்ந்து வந்து இடது கண்ணில் விழுந்தது. இரண்டு ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் பார்வை இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். நகைக்கடன் 1,20,000 ரூபாய், வெளியில் மூன்று வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கியிருக்கிறோம். இரண்டு வருஷமாக மே மாதம் அவர் கணக்கில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். வங்கியில் கேட்டால் ஒரு கண்ணுக்கெல்லாம் கிடையாது, எப்.ஐ.ஆர். வேண்டும், ஒரு மாதமும் தாண்டிவிட்டது என்கிறார்கள். தோப்பை விற்றுக் கடனை அடைத்துவிடலாமா?

பதில்: தோப்பை இப்போது விற்காதீர்கள், சகோதரி. உங்களுக்கு வரவேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்குவோம்.

அந்த 20 ரூபாய், பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீட்டின் வருடப் பிரீமியம். ஒரு கண்ணின் பார்வை முழுமையாக, மீளமுடியாதபடி போனால் 1 லட்சம் ரூபாய் என்று அதன் விதியிலேயே இருக்கிறது. இரண்டு கண்ணும் போனால்தான் 2 லட்சம். வங்கியில் சொன்னவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். பார்வை ஓரளவு குறைந்தால் மட்டும் இதில் பணம் வராது.

எப்.ஐ.ஆர். விஷயம்: சாலை விபத்து, நீரில் மூழ்குவது, குற்றச் சம்பவம் போன்றவற்றுக்குத்தான் போலீஸ் பதிவு கேட்பார்கள். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனடியாகப் போன ஆஸ்பத்திரியின் பதிவு போதும் என்று விதி சொல்கிறது. உங்கள் கணவருக்கு நேர்ந்ததும் இந்த வகைதான். ஆகவே அன்றைக்குக் கொடுத்த முதல் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் ‘தேங்காய் விழுந்து காயம்’ என்று இருந்தால் உங்கள் கேஸ் பலமானது. வெறும் ‘கண்ணில் அடி’ என்று இருந்தால், சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துக் காரணத்தோடு சான்று தரும்படி அதே ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். என்னிடம் வருகிற பலருடைய சீட்டில் ‘கண் வலி’ என்று மட்டும்தான் இருக்கிறது. ரத்தம் வழிய ஓடும்போது காரணத்தை எழுதச் சொல்ல யாருக்குத் தோன்றும்? அதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தப் பாலிசி ஜூன் 1 முதல் மே 31 வரை ஓடும். விபத்து சித்திரையில் நடந்ததால், போன வருஷம் மே மாதம் பிடித்த 20 ரூபாய்தான் உங்களுக்குச் சாட்சி. இந்த மே மாதம் பிடித்ததைக் காட்டினால் ‘விபத்துக்குப் பிறகு சேர்ந்தது’ என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு வருஷப் பிடித்தமும் தெரிகிற மாதிரி ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்.

30 நாளுக்குள் விண்ணப்பம் கொடுக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், அதை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இரண்டு ஆபரேஷன் நடந்த தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் இணையுங்கள். விண்ணப்பத்தை வங்கியில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், அல்லது அதற்குப் புகார் எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால், சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியில் ஊனச் சான்றும் வாங்கவேண்டும். மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம் என்று போடுவார்கள். சலுகைகள் பலவற்றுக்கு 40 வேண்டும் என்பதால் ‘இது உதவாது’ என்று யாராவது சொல்லக்கூடும். காப்பீட்டுக்கு அந்த 40 கணக்கு கிடையாது.

சரி, கடனுக்கு வருவோம். மூன்று வட்டி என்றால் 60,000-க்கு மாதம் 1,800, வருஷத்துக்கு 21,600 ரூபாய். பணம் வந்த அன்றே இதை முழுசாக அடைத்துவிடுங்கள். மீதி 40,000-ல் பாதியை நகைக்கடனில் கட்டுங்கள். மறுபாதியைத் தொடாமல் வையுங்கள், கண்ணுக்கே தேவைப்படும். இப்படி அடிபட்ட கண்ணில் அழுத்தம் பல வருஷம் கழித்தும் ஏறலாம், அதனால் வருஷம் ஒருமுறை பரிசோதனை அவசியம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் கட்டிய பணம் அதில் திரும்பாது, இனி வரும் சிகிச்சைக்கு உதவும்.

அவரால் தோப்பு வேலை முடியவே முடியாது என்று இப்போதே முடிவுகட்டவேண்டாம். ஒரு கண்ணோடு தூரத்தைக் கணிக்கப் பழகச் சில மாதம் ஆகும். அதுவரை வெட்டை ஆள் வைத்துச் செய்யுங்கள், அல்லது ஒரு வருஷத்துக்கு மட்டும் குத்தகைக்கு விடுங்கள். கஜா புயல் சாய்த்த பிறகு இந்தப் பக்கம் ஒரு தென்னையை வளர்த்தெடுக்க எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். 1,80,000 ரூபாய்க்காகக் காய்க்கிற மரத்தைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

அப்புறம், அடுத்த வெட்டுக்கு முன்னால் அவருக்கும் வெட்ட வருகிறவர்களுக்கும் உடையாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். மரமேறுகிறவர் வந்தால், தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டில் சேர்ந்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.