ஸ்மார்ட்வாட்ச் கம்பெனியின் பங்கும் மகனின் முதல் வேலையும்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன், நம் தம்பியின் ஆஃபர் லெட்டரைப் படித்தேன். ஸ்மார்ட்வாட்ச் செய்யும் சின்னக் கம்பெனி. சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து, ஈடாக ஈசாப் தருகிறார்கள். அதாவது, குறித்த விலைக்குப் பின்னாளில் கம்பெனிப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. 'கம்பெனி மேலே வருமா, என் பி.எஃப். பணத்திலும் கொஞ்சம் போடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். கம்பெனி படுத்தால் மகன் சம்பளமும் உங்கள் சேமிப்பும் சேர்ந்தே போகும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பங்கை நினைத்த நேரத்தில் விற்கவும் முடியாது.

மேலே வருமா என்று இந்தத் துறையில் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவின் பெபிள் என்ற ஸ்மார்ட்வாட்ச் கம்பெனி, 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் மூலம் வாடிக்கையாளர்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2016 டிசம்பரில் கடையைக் கட்டியது. அதன் மென்பொருளை வாங்கிய, உடற்பயிற்சிப் பட்டைகள் செய்யும் ஃபிட்பிட் மட்டும் என்ன ஆனது? 2015 ஜூனில் 20 டாலருக்குச் சந்தைக்கு வந்த பங்கு, சில வாரங்களில் 50-ஐத் தாண்டியது. 2019 நவம்பரில் ஃபிட்பிட்டை வாங்க கூகுள் பேசி முடித்த விலை, பங்குக்கு 7.35 டாலர். மேலே ஆப்பிள், கீழே மலிவான சீனக் கைப்பட்டைகள். நடுவில் இருந்தவர்களுக்கு மூச்சுமுட்டிவிட்டது.

ஆனால் பெபிளின் மென்பொருள் பொறியாளர்கள் பலரை ஃபிட்பிட்டே வேலைக்கு எடுத்துக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தம்பிக்கு அங்கே என்ன வேலை? சீனாவிலிருந்து முழுதாக வரும் வாட்சில் பெயர் ஒட்டி விற்கிற இடமா, இங்கேயே உள்ளிருக்கும் மின்சுற்றுப் போர்டை வடிவமைத்து, ஃபர்ம்வேர், அதாவது கருவியையே இயக்கும் மென்பொருள் எழுதுகிற இடமா? தூங்கும் நிலையில்கூட பேட்டரி ஏன் இறங்குகிறது என்று மைக்ரோஆம்பியர் கணக்கில், அதாவது மிகச் சிறிய மின்னோட்ட அளவில், தேடிப் பழகியவனை மருத்துவக் கருவிக் கம்பெனியும் கூப்பிடும், கார் கம்பெனியும் கூப்பிடும்.

ஈசாப் விஷயத்தில் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. எத்தனை வருடத்தில் எவ்வளவு உரிமையாகும்? முதல் ஒரு வருடத்துக்கு எதுவும் கிடையாது, சட்டமே அப்படி. வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பங்கை வாங்கியாக வேண்டும்? வாங்கும்போதே, அன்றைய மதிப்புக்கும் அவன் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகி வரி வரும், விற்றுக் காசாகாவிட்டாலும். சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் அந்த வரியைத் தள்ளிப்போடலாம். இது அந்த வகையா என்றும் கேட்கட்டும்.

கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் அவர்களின் பேலன்ஸ் ஷீட் கிடைக்கும். விற்பனையைவிட விற்காத சரக்கு வேகமாக ஏறுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், ஈசாப்பைப் பூஜ்யம் என்றே வைத்து, கைக்கு வரும் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுங்கள். ஆகும், ஃபர்ம்வேர் வேலையும் உண்டு என்றால், தாராளமாகச் சேரட்டும்.