ஹிட்டான சிட்காம் (டிவி நகைச்சுவைத் தொடர்) முடிந்ததும் அதன் நடிகர்கள் ஏன் காணாமல் போகிறார்கள்?

இதற்கு முக்கியக் காரணம் 'முத்திரை விழுவது'. ஒரே பாத்திரமாக ஒருவரைப் பார்த்துப் பழகியபின், வேறு எதுவாகவும் அவரை ஏற்க மனம் மறுப்பது.

சினிமா நடிகரை இரண்டரை மணி நேரம் பார்க்கிறோம். ஆனால் 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க சிட்காம் 1989 முதல் 1998 வரை ஒன்பது சீசன் ஓடியது. வாராவாரம் வரவேற்பறைக்கே வந்தவர்கள் அதன் நடிகர்கள். அதில் நடித்த மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்றால் கதவைத் தள்ளிக்கொண்டு சறுக்கியபடி நுழையும் கிரேமர் பாத்திரம்தான். 2000இல் அவர் துப்பறிவாளராக நடித்த புதுத் தொடர் அந்த வருடமே நின்றது. அடுத்த வருடம் இன்னொரு 'சைன்ஃபெல்ட்' நடிகர் ஜேசன் அலெக்சாண்டரின் புதுத் தொடருக்கும் அதே கதி. அமெரிக்கப் பத்திரிகைகள் இதற்கு 'சைன்ஃபெல்ட் சாபம்' என்று பெயரே வைத்துவிட்டன.

பள்ளியில் ஒருவனுக்கு 'குண்டு' என்று பட்டப்பெயர் வைத்திருப்போம். இருபது வருடம் கழித்து ஒல்லியாக, வக்கீலாக வந்து நிற்பான். அப்போதும் வாயில் 'டேய் குண்டு' என்றுதானே வருகிறது!

சரி, சாபம் உண்மையா? எனக்கு நம்பிக்கையில்லை. அதே தொடரின் ஜூலியா லூயிஸ்-டிரைஃபஸ் பிறகு 'வீப்' தொடரில் நடித்ததற்கு மட்டும் ஆறு எம்மி (அமெரிக்க டிவி விருது) வாங்கினார். 'மால்கம் இன் த மிடில்' தொடரின் அசட்டு அப்பா பிரையன் கிரான்ஸ்டன், 2008இல் 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் காய்ச்சினார். பழைய அப்பாவை யாரும் தேடவில்லை.

அப்புறம், திரையில் காணோம் என்றால் வறுமையில் வாடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் மறுஒளிபரப்புக்கும் நடிகர்களுக்குப் பங்குத்தொகை உண்டு.