விறைக்கும் கால்கள்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. நான்கு வருடமாகக் கால்கள் விறைத்து, பாதத்தை இழுத்து நடக்கிறார். மாமனாருக்கும் இதே நடைதான். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை. பரம்பரையாக வரும், கால்களை விறைக்கவைக்கும் நரம்பு நோயான ‘ஹெச்.எஸ்.பி.’ என்கிறார்கள். ஆனால் எக்ஸோம் மரபணுப் பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை. விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை 10 மி.கி. மூன்று வேளை எடுக்கத் தொடங்கியதும் கால் துவண்டு இரண்டு முறை விழுந்துவிட்டார். நிறுத்திவிடலாமா? 7 வயது மகளுக்கும் வருமா?

பதில்: மாத்திரையை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பேக்லோஃபெனைத் திடீரென்று விட்டால் வலிப்பு, மனக்குழப்பம், முன்பைவிடக் கடுமையான விறைப்பு வரலாம். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். வழக்கமாக 5 மி.கி. மூன்று வேளை என்று தொடங்கி மெல்ல ஏற்றுவோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் குறைவாக.

ஏன் விழுகிறார்? இந்த நோயில் விறைப்போடு பலவீனமும் உண்டு. பலவீனமான காலை நிறுத்தி வைத்திருப்பதே அந்த விறைப்புதான். அதை முழுக்க எடுத்துவிட்டால் முழங்கால் மடங்கிவிடும். நடக்க வேண்டிய அளவுக்கு விறைப்பை விட்டுவைப்பதுதான் சிகிச்சை. கெண்டைக்கால், தொடையின் உட்புறம் என்று சில தசைகள் மட்டும் இறுகியிருந்தால் அங்கே மட்டும் தசையைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசி போடலாம்.

மூளையிலிருந்து தண்டுவடத்தின் அடிப்பகுதிவரை கட்டளை கொண்டுபோகும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதிகம் காணப்படும் எஸ்.பி.ஜி.4 வகையில் ஸ்பாஸ்டின் என்ற புரதம் பழுதாகிறது. அதனால் இழைக்குள் சரக்குப் போக்குவரத்து கெடுகிறது. நீளமான இழையின் நுனிதான் முதலில் நலியும். எனவே கால் விறைக்கிறது, கைகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கழுத்தில் தண்டுவடம் அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறோம். வைட்டமின் பி12, தாமிரச் சத்துக் குறைவுகளும் இதேபோல நடையைக் கெடுக்கும், அவற்றுக்கு மருந்து உண்டு. ரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால் செய்துவிடுங்கள்.

மரபணு முடிவைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸோம் பரிசோதனை மரபணுவில் உள்ள சிறு எழுத்துப்பிழை போன்ற மாற்றங்களை நன்றாகப் பிடிக்கும். மரபணுவில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் கோட்டைவிடக்கூடும். எஸ்.பி.ஜி.4 குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கென்று உள்ள எம்.எல்.பி.ஏ. பரிசோதனையைக் கேளுங்கள்.

மகளைப் பற்றிச் சொல்லும் முன் நான் கேட்க வேண்டியது: மாமனாரும் மாமியாரும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா? நீங்களும் கணவரும்? அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்திருப்பதால், மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும் என்கிற ஓங்கு வகையாகத்தான் முதலில் நினைப்போம். அப்படியானால் மகளுக்கு 50 சதவீத வாய்ப்பு. ஆனால் சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பத்தில், இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் வரும் ஒடுங்கு வகையும் இப்படி அடுத்தடுத்த தலைமுறையில் தோன்றும். நீங்கள் வேறு குடும்பம் என்றால் அந்த வகையில் மகளுக்கு நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு. இதை எழுதிக் கொண்டுபோய் மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள்.

அறிகுறி இல்லாத குழந்தைக்கு இப்போது பரிசோதனை வேண்டாம். முன்கூட்டியே தடுக்கும் மருந்து இல்லை. 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவெடுக்கட்டும். நுனிக்காலில் நடந்தாலோ, செருப்பின் முன்முனை மட்டும் தேய்ந்தாலோ காட்டுங்கள்.

கணவருக்குத் தினமும் தசை நீட்டல் அவசியம். சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையில் பதிய 30 விநாடி. காலுக்கு நான்கு முறை. இதை விட்டால் கெண்டைத்தசை நிரந்தரமாகவே சுருங்கிவிடும், அதன் பிறகு மாத்திரை உதவாது. பாதம் தரையில் உரசினால் கணுக்கால் தாங்கி அணியலாம். சிறுநீரை அடக்க முடியாமல் அவசரமாக ஓடுகிறாரா என்றும் கேளுங்கள், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள். கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டே அதற்கு மருந்து தர வேண்டும்.

கால்கள் மட்டும் பாதிக்கும் வகை ஆயுளைக் குறைப்பதில்லை. வருடக்கணக்கில் மெதுவாகத்தான் கூடும். சில நாள்களிலோ வாரங்களிலோ நடை மோசமானால், கையில் பலம் குறைந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், அது இந்த நோயின் போக்கு அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.