மடியில வைச்சிருக்கிறதோ, தனிச் சீற் எடுக்கிறதோ?

கேள்வி: அக்கா, நாங்கள் மானிப்பாய். கார்த்திகையில ரொறன்ரோவுக்கு இவற்ற தமக்கையிட்டப் போறம், சித்திரையில திரும்பி வருவம். போகேக்க மகனுக்கு 20 மாசம், 11 கிலோ. மடியில வைச்சுக் கொண்டுபோகலாம், பிளேனில தொட்டில் தருவினம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். தனிச் சீற்றுக்குக் காசு குடுக்கிறது வீணோ?

பதில்: தங்கச்சி, முதல்ல பிறந்த திகதியப் பாருங்கோ. பங்குனியில மகனுக்கு ரெண்டு வயசு முடியுது, வயசு பாக்கிறது ரிக்கெற் போடுற நாளில இல்லை, பறக்கிற நாளில, ஆனபடியா வரேக்க சீற் எடுக்கத்தான் வேணும். ஏஜென்சியில இதச் சொல்லி ரெண்டு பக்கத்தையும் ஒண்டாப் போடுவியுங்கோ, பேந்து அங்கயிருந்து மாத்த வெளிக்கிட்டா கையைக் கடிக்கும்.

போகேக்க மடியில எண்டா பெரியாக்களின்ர விலையில 10 வீதம் கிட்டத்தான் வரும். ஆனா தொட்டில மறந்திடுங்கோ. கன பிளேனில அது 10, 11 கிலோவோட சரி, உங்கட மகன் கால நீட்டினா அதுக்குள்ள கொள்ளவும் மாட்டான். என்ர மூத்தவளுக்கு 7 மாசத்தில தொட்டில் கேட்டு எழுதிக் குடுத்திட்டு நம்பிப் போனன், ஏறினாப் பிறகு தொட்டில் மாட்டுற முன்வரிசை வேற ஆக்களுக்குக் குடுத்தாச்சு எண்டிச்சினம். டுபாயில இருந்து ரொறன்ரோவுக்கு மட்டும் 14 மணித்தியாலம் கிட்ட, அதுக்கு முதல் இங்கயிருந்து கட்டுநாயக்காவுக்கு வானில ஒரு ராத்திரி. காசு இருந்தா போகேக்கயும் தனிச் சீற் எடுங்கோ எண்டுதான் சொல்லுவன். ஆனா ஒரு விசயம்: ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குச் சீற் எடுத்தா, பிளேனுக்குச் சரி எண்டு லேபல் ஒட்டின கார் சீற் கொண்டுவரச் சொல்லி கன எயார்லைன்ஸ் கேக்கும், காசு கட்ட முதல் அத விசாரியுங்கோ. சீற் எடுத்த பிள்ளைக்கு பெரும்பாலும் பெரியாக்கள் மாதிரியே பெட்டிக்குப் பாரமும் கிடைக்கும், அத அம்மா மிளகாய்த்தூளாலயும் ஒடியல் மாவாலயும் நிரப்பிப்போடுவா, அது வேற கதை.

கழுத்துத் தலகணி, விளையாட்டுச் சாமான் எண்டு கண்டதெல்லாம் வேண்டாதேங்கோ. வழிக்குக் காணுமளவு பிள்ளையின்ர பால் பொதுவா கைப்பையில தண்ணிச் சாமானுக்கு இருக்கிற 100 மில்லி கணக்குக்குள்ள வராது, செக் பண்ணுற இடத்தில வெளியில எடுத்துக் காட்டுங்கோ. பிளேன் பதியத் தொடங்கேக்கயே சூப்பிப் போத்தலக் குடுங்கோ, உறிஞ்சினா காது அடைப்புக் குறையும். நித்திரைக்கு எண்டு சளி மருந்து பருக்கச் சொல்லுவினம், டொக்டரைக் கேக்காமல் குடுக்காதேங்கோ, சில பிள்ளையள் அதுக்கு நித்திரை கொள்ளாமல் துள்ளிக்கொண்டு நிக்குங்கள்.

மாத்துச் சட்டை மகனுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் ஒண்டு கைப்பையில வையுங்கோ. நான் என்ரய பெரிய பெட்டிக்குள்ள போட்டிட்டு, மூத்தவள் தோளில சத்தி எடுத்த சட்டையோடதான் ரொறன்ரோ மட்டும் இருந்தனான்.